வேணும் என்னும் சொல்லும் நோயாளியின் பாயும்: முத்துக்குளித்துறையில் மருத்துவப் பணிக்கான மொழிக்கல்வி, 1542–1600

1

ஆன்ட்ரூ டிக்சன் வைட் 1896-இல் வெளியிட்ட நூல், அறிவியலுக்கும் இறையியலுக்கும் நடந்த போரின் வரலாற்றை இரண்டு தொகுதிகளில் சொல்கிறது. அதில் அற்புதங்களிலிருந்து மருத்துவம் பிறந்த கதைக்கு ஓர் இயல். குணமாக்கும் அற்புதக் கதைகள் எப்படி வளர்கின்றன என்று காட்ட வைட் அந்த இயலில் எடுத்துக்கொள்ளும் மாதிரி இயேசு சபை மறைபணியாளர் பிரான்சிஸ் சவேரியார். உலக வாசகர்கள் பரவலாகப் படித்த அந்த நூலில், அவர் பணியாற்றிய முத்துக்குளித்துறை என்னும் தாமிரபரணியின் கழிமுகத்துக் கடற்கரை இப்படி ஓர் எடுத்துக்காட்டாகவே இடம்பெறுகிறது. சவேரியாரின் மருத்துவப் பணியைப் பற்றிப் பின்னர் எழுதியோர் பலரும் வைட் போட்ட கோட்டிலேயே நின்று அவரை ஏற்றார்கள் அல்லது மறுத்தார்கள். அந்தக் கோடே பிழையான இடத்தில் போடப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வைட்டின் வாதம் மூன்று படிகளில் செல்கிறது. சவேரியார் தம் கைப்பட எழுதிய கடிதங்களில் செத்தவரை எழுப்பியதாகவோ பெரிய அற்புதங்கள் செய்ததாகவோ சொல்லவில்லை என்பது முதற்படி. அவர் 1552-இல் இறந்த பிறகு எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளில் அற்புதங்கள் பெருகின என்பது இரண்டாம் படி. 1600-இல் வந்த லுசேனாவின் நூல், 1622-இல் கிடைத்த புனிதர் பட்டம், 1682-இல் வந்த பூகூரின் நூல் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் கதை எப்படிப் பருத்தது என்று அவர் காட்டுகிறார். மூன்றாம் படி மொழி பற்றியது. சவேரியாருக்குப் பல மொழிகளைப் பேசும் வரம் இருந்ததாகப் பின்னோர் எழுதினர். கடிதங்களிலோ மொழி தெரியாமல் அவர் பட்ட துன்பமே இருக்கிறது. அவருடைய சபையைச் சேர்ந்த ஹோசே தெ அகோஸ்தாவே அத்தகைய வரம் தம் காலத்து மறைபணியாளருக்கு இல்லை என்று எழுதியதையும் வைட் சான்றாகத் தருகிறார்.

இம்மூன்றும் எனக்கு உடன்பாடே. வைட் சவேரியாரை இழிவுபடுத்தவும் இல்லை. நல்ல மனிதராகவே மதிக்கிறார். ஆனால் கடிதங்களை அவர் படித்த முறை, அவற்றில் எது இல்லை என்று தேடும் முறை. அற்புதம் இல்லை, மொழி வரம் இல்லை என்ற இரண்டு இன்மைகளை எடுத்துக்கொண்டு அவர் நகர்ந்துவிடுகிறார். நோயாளியின் வீட்டில் யார் போய் நின்றார்கள், எந்த மொழியில் என்ன சொன்னார்கள், அது ஏன் மாறியது என்ற கேள்விகள் அவருக்கு எழவில்லை. அற்புதம் ஒரு கரை, மருத்துவம் மறு கரை என்று அவர் வகுத்துக்கொண்டதால், இடையில் நடந்தது கணக்கில் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் கடற்கரையில் ஒரு மொழிக்கல்வி உருவானது. அதைத் தொடங்கி வைத்தது பிரசங்க மேடை மட்டுமல்ல, நோயாளியின் பாயும்தான்.

வைட்டுக்குக் கிடைத்த பதிப்புகளையும் கருத வேண்டும். கோல்ரிட்ஜின் ஆங்கிலத் தொகுப்பு 1872-இல் வந்தது. மூல மொழிகளில் கடிதங்களை ஒழுங்குபடுத்திய மோனுமென்டா சவேரியானா வெளிவரத் தொடங்கியது 1899-இல். ஷூர்ஹாமரும் விக்கியும் செய்த செம்பதிப்பு 1944–45-இல்தான் வந்தது. தமிழ்ச் சொற்கள் போர்ச்சுகீசிய எழுத்தில் அப்படியே நிற்கும் இடங்களை எடைபோட இந்தப் பதிப்புகள் வேண்டும். ஆகவே வைட் காணாமல் விட்டதற்கு ஓரளவு காரணம் உண்டு. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் காரணமும் இல்லை.

2

ஒன்றரை ஆண்டுக்குள் எழுதப்பட்ட இரண்டு கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1542 அக்டோபர் 28-இல் தூத்துக்குடியிலிருந்து சபையின் தலைவர் இக்னேசியுஸ் லொயோலாவுக்கு எழுதியது. சவேரியார் கடற்கரைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வழியில் ஓர் ஊரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடக்கிறாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை பலருக்கும் போய்விட்டது. உடன் வந்த உள்நாட்டு இளங்குருக்களில் ஒருவரோடு அவர் அந்த வீட்டுக்குள் போகிறார். கிறிஸ்தவ நம்பிக்கையின் அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தை அவர் சொல்லச் சொல்ல, உடன் வந்தவர் அதை அந்தப் பெண்ணின் மொழியில் சொல்கிறார். அவள் ஏற்கிறாள், திருமுழுக்குப் பெறுகிறாள், பிள்ளை பிறக்கிறது. ஊரின் பெயர் கடிதத்தில் இல்லை. கொம்புத்துறை என்று சொல்வோர் உண்டு. அதை உறுதி செய்யும் சான்று கடிதத்துக்குள் இல்லை.

பக்தி நோக்கில் இது அற்புதம். வைட்டின் நோக்கில் அற்புதம் என்று சொல்லத் தகாத ஒரு தற்செயல். மொழி வரலாற்று நோக்கில் இது வேறொன்று. பிரசவ அறையில் மூவர் இருக்கிறார்கள். பேசுபவர், கேட்பவள், இருவருக்கும் இடையில் மொழி அறிந்த ஒருவர். அந்த மூன்றாமவர் இல்லாமல் அங்கே ஒரு வார்த்தையும் கடந்திருக்காது.

இரண்டாவது, 1544 ஜனவரி 15-இல் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற ஸ்பானியக் கடிதம். மக்களின் மொழி மலபார், தம்முடையது பாஸ்க் என்று சவேரியார் அதில் சொல்கிறார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழையும் மலபார் என்றே குறித்தனர். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, மிகுந்த பாடுபட்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் இறங்கிச் சிறுவரையும் பெரியவரையும் சேர்த்து ஓதுவித்ததை அவர் விவரிக்கிறார். இது எல்லோரும் அறிந்த பகுதி. இதைத் தொடர்ந்து வரும் சில வரிகளுக்குத்தான் உரிய கவனம் கிடைக்கவில்லை. நோயாளிகளுக்காகச் செபிக்க வரச்சொல்லி அழைப்பு பெருகியது. அவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. மன்றாட்டு கற்ற சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைப் பலமுறை ஓத வேண்டும். நம்பினால் நலம்பெறுவாய் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். பிறகு மற்ற மன்றாட்டுகளை ஓத வேண்டும்.

சிறுவர்களைப் பயன்படுத்தி அவர் செத்தவரை எழுப்பினார் என்று பிற்காலக் கதைகள் சொன்னதை வைட் சரியாகவே மறுக்கிறார். ஆனால் மறுத்த பின் மிஞ்சுவது வெறுமை அல்ல, ஓர் ஏற்பாடு. நோயாளி ஒருவர், அவர் வீட்டார், அயலார், ஓதும் சிறுவர், கற்றுக்கொடுத்த ஒரு வாசகம் என்று எல்லாம் முறைப்படி அமைந்திருக்கின்றன. மருந்து பற்றி அந்த வரிகளில் பேச்சு இல்லை. நாட்டு வைத்தியர் என்ன செய்தார், மூலிகை கொடுத்தார்களா என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் தனியே கிடந்த நோயாளியைச் சுற்றி ஊர் கூடியது. அதைக் கூட்டியது சிறுவர் வாயில் இருந்த தமிழ்.

இதே சிக்கல் வேறு கண்டத்தில் நம் காலத்திலும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் ஸ்பானியம் மட்டுமே அறிந்த தாய்க்காக, பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளை மருத்துவரிடம் மொழிபெயர்ப்பது நெடுங்கால வழக்கம். அந்நாட்டு மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள், நெருக்கடி வேளை தவிர மற்ற நேரங்களில் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக நம்புவதைத் தடுத்தன. மருத்துவம், செவிலியர் பணி நோக்கிப் படிக்கும் மாணவர்கள் அங்குப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானியம் பயில்வதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம். சிறுவரை நடுவில் நிறுத்துவதிலிருந்து பணியாளர் தாமே மொழி கற்பதற்குப் போகும் அந்தப் பாதையை முத்துக்குளித்துறை பதினாறாம் நூற்றாண்டிலேயே நடந்து பார்த்தது.

3

இனி இக்கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து, உடன் பணியாற்றிய பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்குச் சவேரியார் போர்ச்சுகீசியத்தில் எழுதிய கடிதங்கள் உள்ளன. அவை 1544 பிப்ரவரியில் தொடங்குகின்றன. அவ்வாண்டுக் கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவரும் இடத்தில் ‘வேணும்’ என்பதை விட்டு, வேறு சொல்லைச் சொல்லும்படி எழுதுகிறார். வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருளாகிவிடுகிறது, நம்புகிறேன் என்று ஆகவில்லை என்பது காரணம். அடுத்து, கிறிஸ்து ‘வன்பினாலே’ பாடுபட்டார் என்று சொல்ல வேண்டாம் என்கிறார். அது வலுக்கட்டாயத்தைக் குறிக்கும். அவர் பட்டது தம் விருப்பத்தால்.

வேணும் என்பதற்குப் பதிலாக அவர் தரும் சொல் போர்ச்சுகீசிய எழுத்தில் ‘விசுவம்’ என்பதுபோல ஒலிக்கிறது. விசுவாசம் என்பதன் குறுகிய பதிவு என்று கொள்வதே பொருத்தம். ஐரோப்பியச் செவியில் நெடில் நழுவியிருக்கலாம். அல்லது அந்தக் கரையின் பேச்சிலேயே சொல் அப்படித் தேய்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று இந்த ஒரே பதிவைக் கொண்டு தீர்க்க இயலாது.

இத்திருத்தத்தைப் பலரும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் கதையாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலவரிசையோடு பொருத்தினால் இதற்கு வேறொரு கனம் வருகிறது. 1544 ஜனவரிக் கடிதம், சிறுவர்கள் ஏற்கெனவே நோயாளிகளின் வீடுகளில் விசுவாசப் பிரமாணத்தைப் பலமுறை ஓதிவந்ததைச் சொல்கிறது. திருத்தம் அதற்குப் பின்னர் வருகிறது. எனவே நோயாளிகளின் காதில் மாதக்கணக்கில் விழுந்த வாசகம் ‘எனக்கு வேணும்’ என்பதாகவே இருந்திருக்க வேண்டும். திருத்தக் கடிதம் அவ்வாண்டின் எந்த மாதத்தில் வைக்கப்பட்டாலும் இந்த வரிசை மாறாது.

மொழிபெயர்த்தவர்கள் ஏன் வேணும் என்றார்கள்? போர்ச்சுகீசியம் அரைகுறையாகத் தெரிந்ததால் என்பது எளிய விடை. எனக்கு அது போதவில்லை. அவர்கள் இந்தக் கரையில் பிறந்து தமிழ் பேசியவர்கள். நம்புதல் என்ற சொல்லை அறியாதவர்களாக இருக்க முடியாது. நோய் வந்த வீட்டில் தெய்வத்தின் முன் நின்று சொல்லும் மொழியைத் தமிழில் வேண்டுதல் என்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொள்கிறோம். நலமானதும் வேண்டுதலை நிறைவேற்றுகிறோம். விரும்புவதும் தேவைப்படுவதும் தெய்வத்திடம் மன்றாடுவதும் வேண்டு என்ற ஒரே வினையடியில் அடங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் விசுவாசப் பிரமாணத்தைக் கோட்பாட்டு அறிக்கையாகக் கேட்கவில்லை. துன்பத்தில் இருப்பவன் தெய்வத்தின் முன் சொல்லும் வாசகமாகக் கேட்டார்கள் என்று நான் கருதுகிறேன். அந்தச் சூழலுக்கு வேணும் பொருந்தாத சொல் அல்ல. மிகப் பொருந்திய சொல்.

இதற்கு நேரடிச் சான்று இல்லை. மொழிபெயர்ப்பாளர் எவரும் தம் எண்ணத்தை எழுதி வைக்கவில்லை. ஆனால் திருத்தத்தின் வடிவிலேயே ஒரு தடயம் இருக்கிறது. ‘வேணும்’ என்ற இடத்தில் மட்டும் வேறு சொல்லை வைக்கச் சொல்கிறார். ‘எனக்கு’ என்பதை நீக்கச் சொல்லவில்லை. அப்படியானால் திருத்திய பின் நிற்பது ‘எனக்கு விசுவாசம்’. ‘நான் விசுவசிக்கிறேன்’ என்ற வினைத் தொடர் அங்கே வரவில்லை. தமிழில் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்பவற்றை நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம்: எனக்குக் காய்ச்சல், எனக்கு வலி, எனக்குப் பசி, எனக்குப் பயம். நோயாளி தன் நிலையைச் சொல்லும் தொடர் அமைப்பு இதுவே. சவேரியார் சொல்லை மாற்றியபோதும் அந்த அமைப்பு மாறவில்லை. கோட்பாட்டைக் காப்பாற்றச் சொல் மாறியது. துன்பப்படுபவனின் இலக்கணம் அப்படியே நின்றது. கடிதத்தில் அவர் சுருக்கமாக எழுதியதால் இப்படித் தோன்றலாம், நடைமுறையில் முழுத் தொடரும் மாறியிருக்கலாம் என்ற மறுப்பு எழும். அதை என்னால் முற்றாகத் தள்ள முடியாது. ஆயினும் வன்பினாலே என்ற வேற்றுமை உருபு ஏற்ற சொல்லை முழுதாகக் குறித்துத் தடுப்பவர், எனக்கு என்பதும் மாற வேண்டியிருந்தால் அதையும் குறித்திருப்பார் என்பதே என் துணிபு.

வைட்டோடு என் கருத்து வேறுபாடு இந்த இடத்தில் கூர்மையாகிறது. மொழி வரம் இல்லை என்பதற்குச் சவேரியாரின் திணறல் அவருக்குச் சான்று. அதே திணறல் என் பார்வையில் கல்வியின் தொடக்கம். ஒரு சொல் கேட்பவரிடத்தில் என்ன பொருள் தருகிறது என்று விசாரித்து, ஏற்கெனவே ஊரெங்கும் பரவிவிட்ட வாசகத்தைத் திரும்பப் பெறத் துணிவது மொழி கற்பவன் செய்யும் வேலை. வரம் பெற்றவனுக்கு அது தேவைப்படாது. மொழியைப் பொருட்படுத்தாதவன் அதைச் செய்யமாட்டான்.

4

அடுத்த கட்டம் 1548. அவ்வாண்டு பிப்ரவரியில் மணப்பாட்டில், கடற்கரையில் பணிபுரிந்தோருக்குச் சவேரியார் எழுதிய அறிவுரையில் நோயாளிகளைச் சந்திக்கும் முறை மாறியிருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தை நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டும்; ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், இதை உண்மையாக நம்புகிறாயா என்று கேட்க வேண்டும். 1543-இல் நோயாளி கேட்டுக்கொண்டிருப்பவர். 1548-இல் பதில் சொல்பவர். ஓதுவதற்கு மனப்பாடம் போதும். கேட்டுவிட்டுப் பதிலைப் புரிந்துகொள்ள மொழியறிவு வேண்டும்.

அந்த அறிவைத் தேடிப் போனவர் என்றிக் என்றீக்கஸ் அடிகளார். போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்து, கோயிம்பிராவில் படித்து, 1546-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டவர். 1548 அக்டோபரில் வேம்பாற்றிலிருந்து இக்னேசியுஸுக்கு எழுதிய கடிதத்தில், வேற்றுமைகளையும் வினைத் திரிபுகளையும் ஒழுங்குபடுத்தித் தாமே ஒருவகை இலக்கணம் செய்துகொண்டு தமிழ் கற்பதைச் சொல்கிறார். மறு ஆண்டு ஜனவரியில், அவர் தமிழ் பேசவும் எழுதவும் வல்லவர், மக்கள் அவரை மிகவும் நேசிக்கிறார்கள் என்று சவேரியாரே பாராட்டுகிறார். அந்த இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஹான்ஸ் வெர்மீர் 1982-இல் அதைப் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் 2013-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர்.

புன்னைக்காயலில் இருந்த பாதிரிமார் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. பின்னர், 1560களில், புதிதாக வருவோருக்குத் தமிழ் கற்பிக்கும் ஏற்பாடும் அங்கே உருவானது. அதே ஊரில் என்றீக்கஸ் ஒரு மருத்துவமனையும் தொடங்கினார். அதன் தொடக்க ஆண்டை எழுதுவோர் ஒருபடித்தாக எழுதுவதில்லை. 1550களுக்குள் வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம். தமிழ்க் கல்வியும் மருத்துவமனையும் ஒரே ஊரில், ஒரே மனிதரின் பொறுப்பில், ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் வந்தன என்பதே இங்கு முதன்மையானது.

இரண்டையும் தொடர்பற்றவையாகக் கருதலாமா? கருதலாம்; மருத்துவமனையில் எந்தத் தமிழ் பேசப்பட்டது என்று காட்டும் ஓர் ஏடும் நம்மிடம் இல்லை. ஆனால் மரணப் படுக்கையில் இருக்கும் கத்தோலிக்கர் பாவ அறிக்கை செய்ய வேண்டும். அதை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்வது எவருக்கும் கூச்சமே. மறையுரைக்கு மொழிபெயர்ப்பாளரை நிறுத்திச் சமாளிக்கலாம். நோயாளியின் அந்தரங்கத்துக்கு முடியாது. ஆகவே மொழியைக் கற்றே தீர வேண்டிய நெருக்கடி மிகக் கடுமையாக இருந்த இடம் நோயாளியின் அருகாமைதான். என்றீக்கஸின் அச்சு நூல்களிலும் இதன் சுவடு உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்துக்கும் 1579-இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கத்துக்கும் அடுத்து, 1580-இல் அவர் கொண்டுவந்தது பாவ அறிக்கைக்கான நூல். கேள்வி கேட்டுப் பதில் பெறும் தேவைக்கென்றே ஒரு தமிழ் நூல் அச்சேறியது. மணப்பாட்டு அறிவுரையின் கேள்வி முறை அங்கே முழு உருப்பெற்றது என்று கொள்ளலாம்.

கோட்பாட்டைப் புகட்டுவதே இவர்கள் நோக்கம், நோய் அதற்கு ஒரு வாய்ப்பு மட்டுமே என்று கூறுவோர் உண்டு. நோக்கம் அதுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நோயுற்றோரின் நலிவு மதமாற்றத்துக்குப் பயன்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. பிரசவ அறைக் கடிதமே அதற்குச் சான்று. நான் சொல்வது நோக்கத்தைப் பற்றியதல்ல, விளைவைப் பற்றியது. தம் வாசகத்தைச் சொல்ல வந்தவர்கள், நோயாளி சொல்வதைக் கேட்கக் கற்க வேண்டியதாயிற்று. அந்தக் கேட்டலுக்காக இலக்கணம் பிறந்தது.

5

பிற்கால வரலாறு இதை நேர்கோட்டில் தொடரவில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் 1860களின் நடுவில் மருத்துவக் கல்வியையே தமிழுக்கு மாற்றி, உடற்கூறு முதல் வேதியியல் வரை நூல்களைத் தமிழாக்கினார். அவர் முயற்சி புன்னைக்காயலின் தொடர்ச்சி என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதே தேவை மீண்டும் எழுந்தது என்று மட்டுமே சொல்லலாம். இன்று திசை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டுச் செவிலியர் ஜெர்மனியில் பணியேற்க பி2 என்னும் தேர்ச்சி நிலை வரை ஜெர்மன் படிக்கிறார்கள். அவர்களுடைய பாடத்தில் இலக்கணமும் சொற்பட்டியலும் இருக்கின்றன. ஆனால் வலியை அந்த மொழி எந்த வேற்றுமையில் சொல்கிறது, தேவையையும் மன்றாட்டையும் எப்படிப் பிரிக்கிறது என்பவை நோயாளியின் அருகில்தான் முழுமையாக விளங்கும்.

வைட் எழுதிய வரலாற்றில் நோயாளி பேசுவதில்லை. அற்புதம் நடந்ததா என்று அவருக்காக மற்றவர்கள் வாதிடுகிறார்கள். முத்துக்குளித்துறைச் சான்றுகளில் அவர் பெயர் இல்லாவிட்டாலும், ஒரு வாசகம் திருத்தப்பட்டதற்கும், அறிவுரை கேள்வியாக மாறியதற்கும், ஓர் இலக்கணம் எழுதப்பட்டதற்கும் காரணமானவர்களில் அவரும் ஒருவர். வேணும் பற்றிய என் விளக்கத்தைப் பிறர் மறுக்கலாம். 1578-இன் அச்சுப் படியில் உள்ள விசுவாசப் பிரமாணத்தை 1544-இன் திருத்தத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் ஆய்வு அதை உறுதிப்படுத்தவோ வீழ்த்தவோ செய்யும். அந்த ஒப்பீட்டைச் செய்பவர்கள் தமிழோடு ஸ்பானியமும் போர்ச்சுகீசியமும் கற்றவர்களாக இருக்க வேண்டும். சவேரியார் பெயரில் 1923 முதல் கல்லூரி நடத்திவரும் பாளையங்கோட்டையிலிருந்தே அப்படி ஒரு மாணவர் வர வேண்டும் என்பது என் விருப்பம். இந்தக் கரையின் மருத்துவ வரலாற்றில் ஒரு முக்கியப் பகுதி அந்த இரு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மொழிபெயர்ப்புகள் வழியாக மட்டுமே படித்துக்கொண்டிருக்கும் வரை, அன்றைய நோயாளிகள் கேட்ட தமிழ் நமக்குத் தெளிவாகக் கேட்காது.